மதுரையை விட்டுக் கிளம்புகிறோம், எந்த இடங்களைப் பார்த்துவிட்டுப் போகலாம்?

கேள்வி: 2 ஜூன் 2024, மாலை

அண்ணா நகரில் குடியிருக்கிறோம். அடுத்த மாதக் கடைசியில் புனேவுக்கு மாற்றல். மீனாட்சி அம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், காந்தி அருங்காட்சியகம், அழகர்கோயில், திருப்பரங்குன்றம் என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறேன். இதில் விட்டுப்போனது என்ன? மற்றபடி கடைகளும் சாப்பாடும் எல்லா ஊரிலும் இருக்கின்றன என்பது என் எண்ணம். மதுரையை விட்டு வந்தவர்கள் சொல்லுங்கள்.

2 ஜூன், இரவு

பட்டியலை எடுத்து ஓரமாக வையுங்கள். மகால் 1636-இல் கட்டியது. தீபாவளி விடுமுறைக்கு நீங்கள் வரும்போதும் அங்கேதான் நிற்கும். திருப்பரங்குன்றமும் எங்கும் போய்விடாது. விருந்தாளி வந்தால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிற இடங்களை நாளைக்கு நீங்களே விருந்தாளியாக வந்து பார்த்துக்கொள்ளலாம்.

நான் சிம்மக்கல்லில் பிறந்து வளர்ந்தவள். திருமணத்துக்குப் பிறகு வடக்கு மாசி வீதியில் குடியிருந்தோம். கணவரின் வேலைக்காக ஓசூருக்கு வந்துவிட்டோம். வந்த பிறகு மனதில் திரும்பத் திரும்ப வருபவை எல்லாம் எங்கோ போகும் வழியில் இருந்த இடங்கள். அவற்றைப் பார்க்க வேண்டும் என்று வீட்டிலிருந்து ஒரு நாளும் கிளம்பியதில்லை.

முதலில் ஏ.வி. பாலம். ஆல்பர்ட் விக்டர் பாலம் என்று முழுப் பெயரைச் சொல்லி எங்கள் தெருவில் யாரும் கேட்டதில்லை. கோரிப்பாளையத்தில் மீனாட்சி அரசு மகளிர் கல்லூரியில் படித்தபோது, பஸ் காசை மிச்சம் பிடித்துக்கொண்டு தோழிகள் சேர்ந்து யானைக்கல் வழியாக நடந்தே போவோம். கீழே மணலும் ஆகாயத்தாமரையும். துணி துவைப்பவர்கள், கழுத்தளவு நீரில் எருமைகள், நடு ஆற்றில் மைய மண்டபம். வைகை அணையில் தண்ணீர் திறந்தார்கள் என்றால் பாலத்தின் கைப்பிடிச் சுவர் ஓரமாகப் பாதி ஊர் நிற்கும். வேலைக்குப் போகிறவர்கள் சைக்கிளை ஓரம் கட்டிவிட்டு எட்டிப் பார்ப்பார்கள். ஆற்றில் தண்ணீர் வருகிறது என்பதற்காக ஓர் ஊர் கூடி நிற்பதை வேறு எங்கும் நான் கண்டதில்லை. புனேவில் முளா, முட்டா என்று இரண்டு ஆறுகள் உங்களுக்குக் கிடைக்கப்போகின்றன. தண்ணீர் வந்ததைப் பார்க்க அங்கே யாராவது சைக்கிளை நிறுத்துகிறார்களா என்று போனதும் எழுதுங்கள்.

3 ஜூன்

ஜிகர்தண்டாவைச் சொல்லாமல் விட்டது ஏன் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அது இப்போது ஓசூரிலும் கிடைக்கிறது, சென்னையிலும் கிடைக்கிறது. விளக்குத்தூண் பக்கம் நின்று குடிப்பது தனிச் சுவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்காக நான் ஏங்கியதில்லை.

விளக்குத்தூணுக்காக ஏங்கியிருக்கிறேன். கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து, ஊரை வெளியே விரித்துவிட்ட கலெக்டர் பிளாக்பர்னுக்கு ஊரார் வைத்த விளக்கு அது. அந்த வேலையை மேற்பார்த்தவர்கள் பெயரில்தான் பெருமாள் மேஸ்திரி வீதியும் மாரட் வீதியும் இன்றும் இருக்கின்றன. பக்கத்திலேயே பத்துத்தூண் சந்து. நாயக்கர் அரண்மனையில் எஞ்சிய பெருந்தூண்கள் ஜவுளிக் கடைகளுக்கு நடுவே நிற்கும், அவற்றின் அடியில் துண்டும் கைலியும் மூட்டை மூட்டையாகப் பிரிபடும். மகாலுக்கு டிக்கெட் எடுத்துப் போகிறவர்கள் இந்தச் சந்துக்குள் ஒருமுறை நுழைந்துவிட்டு வர வேண்டும்.

5 ஜூன், மதியம்

புது மண்டபம். இதைப் பற்றி நிதானமாக எழுத வேண்டும் என்றுதான் இரண்டு நாள் தள்ளிப்போட்டேன்.

கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, வசந்த விழாவுக்காகத் திருமலை நாயக்கர் எழுப்பிய மண்டபம். 124 தூண்கள். தூண்களில் நாயக்க மன்னர்கள் ஆளுயரத்துக்குக் கைகூப்பி நிற்பார்கள். கரும்பு தின்னும் கல்யானையும் அங்கே உண்டு. என் சிறுவயதில் அந்த மன்னர்களின் காலடியில் தையல் இயந்திரங்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும். தூணுக்குத் தூண் ஒரு கடை. வளையல், பித்தளைச் சாமான், ஜரிகை, பள்ளிப் புத்தகம், பஞ்சாங்கம், தலபுராணம். பத்தாம் வகுப்புக் கணக்குக்கு நோட்ஸ் வாங்க அப்பா என்னை அங்கேதான் கூட்டிப்போனார். ஒரு கையில் நோட்ஸும் இன்னொரு கையில் அம்மா சொல்லிவிட்ட ரவிக்கைத் துணியும் இருந்தன.

துணியைக் கொடுத்தால் தையல்காரர் அளவு ரவிக்கையைப் பார்ப்பார். “ஒரு மணி நேரம் கழிச்சு வாங்கம்மா” என்பார். கோயிலுக்குள் போய்ப் பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்துவிட்டு வந்தால் ரவிக்கை தயாராக இருக்கும், கொக்கி மட்டும் பாக்கி இருக்கும். கொக்கி கட்டி முடிக்கும்வரை தூணில் சாய்ந்து நிற்போம். எந்த மன்னர் மேல் சாய்கிறோம் என்று யாரும் பார்த்ததில்லை.

சித்திரை நெருங்கிவிட்டால் ரவிக்கைத் துணியை வாங்கமாட்டார்கள். அழகருக்கு நேர்ந்துகொண்டவர்களின் உடைகள் தைக்கும் காலம் அது. திரி எடுத்து ஆடுகிறவர்களுக்கும், தோல் பையில் நீர் பீய்ச்சுகிறவர்களுக்கும் தலையில் கட்டும் உருமாலும் இடுப்பில் அணியும் அரைக்கால் சல்லடமும் வண்ண வண்ணமாகத் தோரணம்போல் தொங்கும். தைக்கிறவர்களில் முஸ்லிம்கள் பலர். அழகர் ஆற்றில் இறங்குவதற்குள் உடை கைக்கு வந்தாக வேண்டும் என்பதால் இரவெல்லாம் விளக்கு எரியும். மதுரையில் மத நல்லிணக்கம் என்று மேடையில் பேசுகிறவர்கள் அந்த இயந்திரங்களின் ஓசையைக் கேட்டிருந்தால் பேச்சைப் பாதியாகக் குறைத்திருப்பார்கள்.

அந்தக் கடைகளெல்லாம் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. நான் ஓசூர் வந்த பிறகு நடந்தது. ஆகவே நீங்கள் கிளம்புவதற்கு முன் அங்கே போய்ப் பாருங்கள் என்று உங்களுக்குச் சொல்ல முடியவில்லை.

5 ஜூன், இரவு

மதியம் எழுதியதைத் திரும்பப் படித்தேன். கடைகளை மாற்றியது அநியாயம் என்ற தொனி அதில் இருக்கிறது. நான் அப்படி நினைக்கவில்லை. அந்தச் சிற்பங்களில் பாதியை நான் பார்த்ததே இல்லை. துணி மூட்டையும் அலமாரியும் மறைத்திருந்தன. சுவரில் ஆணி, தூணில் கயிறு, ஏறிப்போன புகைக் கறுப்பு. 2018 பிப்ரவரி 2-ஆம் தேதி இரவு கோயிலுக்குள் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்ததை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. அந்த மண்டபத்திலும் கடைகள்தான் இருந்தன. நானூறு ஆண்டுகளுக்கு நெருங்கிய கல்லைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

ஆனால் மண்டபம் கட்டிய நாளிலிருந்து அதை உயிரோடு வைத்திருந்தவர்களில் அந்தத் தையல்காரர்களுக்கும் இடம் உண்டு. கல்லையும் அவர்களையும் சேர்த்துக் காப்பாற்ற ஒரு வழி யோசித்திருக்கலாம். வசந்த விழா இல்லாத மாதங்களில், தீப்பொறிக்கு இடம் தராமல், மிதி இயந்திரத்தோடு சிலரையாவது அமர்த்தியிருக்கலாம். இது என் ஆசை.

9 ஜூன்

பருத்திப்பால்! இதை எழுதாமல் இத்தனை நாள் எப்படி இருந்தேன்.

“சாப்பாடு எல்லா ஊரிலும் இருக்கிறது” என்றீர்கள். சாயங்காலம் மாசி வீதி முனையில் தள்ளுவண்டியில் பருத்திப்பால் காய்ச்சி விற்கிற ஊரை எனக்குக் காட்டுங்கள். பருத்திக்கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பால், அரிசி மாவு, கருப்பட்டி அல்லது வெல்லம், சுக்கு, ஏலக்காய். மேலே தேங்காய்த் துருவல். குடிப்பதா, கரண்டியால் எடுத்துச் சாப்பிடுவதா என்று சொல்ல முடியாத பதம். சளிக்கு நல்லது என்று பாட்டி வாங்கிக் கொடுப்பார். சளி இல்லாத நாளிலும் வாங்கிக் கொடுப்பார்.

சித்திரைத் திருவிழாவுக்கு லீவு போட்டு ஊருக்கு வருவார்கள். ஒரு டம்ளர் பருத்திப்பாலுக்காக யாரும் லீவு போடமாட்டார்கள். முதல் நாளிலிருந்து நான் சொல்ல வருவது இதைத்தான். திருவிழா உங்களை விட்டுப் போகாது. சாயங்காலம் போய்விடும்.

14 ஜூன்

சிம்மக்கல் மாவட்ட மைய நூலகத்தைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். ஆம், அதுவும் என் வழிதான். கல்லூரி விட்டு வரும்போது அங்கே இறங்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். பத்திரிகைப் பிரிவில் ஓய்வுபெற்ற பெரியவர்கள். யார் எந்த நாளிதழை முதலில் எடுப்பது என்பதில் அவர்களுக்குள் எழுதாத ஒப்பந்தம் ஒன்று இருந்தது. மேலே போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள். மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிக்க நூலகம் திறக்கும் முன்பே வாசலில் நிற்பார்கள்.

கொஞ்ச தூரத்தில் தமிழ்ச் சங்கம். 1901-இல் பாண்டித்துரைத் தேவர் தொடங்கியது. தமிழ்ச் சங்கம் சாலையில் தினமும் நடந்தும் அதற்குள் நான் நுழைந்தது அபூர்வம். உங்கள் பட்டியலில் ஓர் இடம் சேர்த்தே ஆக வேண்டும் என்றால் இதைச் சேருங்கள். வாசலில் நின்று பார்த்தாலும் போதும்.

15 ஜூன்

“நத்தம் சாலையில் இவ்வளவு பெரிய கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கும்போது சிம்மக்கல் எதற்கு?” என்ற கேள்விக்குப் பதில்: இரண்டும் வேண்டும். 2023 ஜூலை 15-இல் திறந்த அந்த நூலகத்துக்கு மகளைக் கூட்டிப் போனேன். குழந்தைகள் பிரிவை விட்டு வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடித்தாள். என் சிறுவயதில் அப்படி ஒன்று இருந்திருந்தால் நான் வேறு ஆளாகியிருப்பேன். மதுரைப் பிள்ளைகளுக்கு அது கிடைத்ததில் எனக்கு அளவற்ற மகிழ்ச்சி. ஆனால் அதற்குக் கிளம்பிப் போக வேண்டும். சிம்மக்கல் நூலகம் வீட்டுக்குப் போகிற வழியில் இருந்தது, கால் தானாக உள்ளே திரும்பும்.

20 ஜூன்

என் தம்பி இந்த இழையைப் படித்துவிட்டு, “தெப்பக்குளத்தை மறந்துவிட்டாயே, அக்கா” என்று போன் செய்தான். அவனுக்காக எழுதுகிறேன்.

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் அவன் நீந்தியதில்லை. கிரிக்கெட் ஆடியிருக்கிறான். தண்ணீர் இல்லாத அந்த ஆண்டுகளில் குளத்துக்குள் ஒரே நேரத்தில் பல ஆட்டங்கள் நடக்கும். ஒரு ஆட்டத்தின் பந்து இன்னொரு ஆட்டத்துக்குள் உருண்டுபோகும், எடுத்து வீசுகிறவன் யார் என்றே தெரியாது. நடுவில் மைய மண்டபம், அதன் நிழலில் தண்ணீர்ப் பாட்டில்கள். தைப்பூசத்தை ஒட்டித் தெப்பத் திருவிழா வரும்போது எப்படியாவது நீர் நிரப்பப் பார்ப்பார்கள். முடியாத ஆண்டுகளில் தெப்பம் நிலையில் நின்றபடியே விழா முடிந்திருக்கிறது.

இப்போது பனையூர் கால்வாயைச் சீர்செய்து வைகை நீரைக் கொண்டுவந்து குளத்தை நிரப்பி வைத்திருக்கிறார்கள். ஆண்டு முழுவதும் நீர். படகு விடுகிறார்கள். சுற்றிலும் குடும்பம் குடும்பமாகச் சாயங்காலத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். சுற்று வட்டாரக் கிணறுகளில் நீர் ஏறியிருக்கிறது என்று அங்கே இருக்கும் அத்தை சொல்கிறார். தம்பி இழந்த மைதானம் ஊர் பெற்ற குளம். அவனுக்கும் அது தெரியும். “நல்லதுதான்” என்று சொல்லிவிட்டு, அடுத்த நிமிடமே எந்தப் படியிலிருந்து ஓடிவந்து பந்து வீசுவான் என்று விவரிக்க ஆரம்பித்தான். நான் குறுக்கிடவில்லை.

1 ஜூலை

கேள்வி கேட்டவரே எழுதியிருக்கிறார்: “நீங்கள் சொல்வதெல்லாம் மாசி வீதிக்காரர்களின் மதுரை. ஆற்றுக்கு வடக்கே இருக்கும் எங்களுக்கு இந்த வழிகள் இல்லையே.”

நியாயமான பேச்சு. கோயிலைச் சுற்றி வளர்ந்தவர்கள், ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று அடுக்கடுக்கான சதுரங்களோடு ஊர் முடிந்துவிட்டது என்று நினைப்போம். வெளி வீதியைத் தாண்டினால் எங்கள் அம்மாவுக்கு அது வெளியூர். ஆனால் உங்களுக்கும் வழி இருக்கிறது. மாட்டுத்தாவணியில் இறங்கி வீட்டுக்கு எப்படிப் போவீர்கள்? வண்டியூர் கண்மாய்க் கரையில் நடந்ததுண்டா? காலையில் பால் வாங்கும் இடம் எது, தேர்வு நாளில் பிள்ளைகள் விபூதி வைத்துக்கொண்டு போகும் பிள்ளையார் எது? அவற்றை நான் எழுத முடியாது. நீங்கள் எழுதினால் நான் படிக்கிறேன்.

2 ஜூலை

மாட்டுத்தாவணி என்றதும் யானைமலை ஞாபகம் வந்தது. மேலூர் சாலையில் வருகிறவர்களுக்கு ஊர் வந்துவிட்டது என்று சொல்வது அந்த மலைதான். படுத்த யானை, துதிக்கை நீட்டி. சென்னையில் வேலை பார்த்த காலத்தில் விடியற்காலை பஸ்ஸில் அதைப் பார்த்த பிறகுதான் செருப்பைத் தேடுவேன். ஓசூரிலிருந்து சேலம், கரூர், திண்டுக்கல் வழியாக வருகிறேன். பஸ் ஆரப்பாளையத்தில் இறக்கிவிடுகிறது. அந்தப் பக்கம் நாகமலை தெரியும், யானைமலை தெரியாது. ஊரை மட்டுமல்லாமல் ஊருக்குள் நுழையும் திசையையும் இழக்க முடியும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. புனேவிலிருந்து ரயிலில் வருவீர்கள். நீங்களும் வேறு வாசல் வழியாகத்தான் நுழையப்போகிறீர்கள்.

18 ஆகஸ்ட்

மல்லிகை பற்றிக் கேட்டவருக்கு. ஓசூரில் ரோஜா மலிவு, அழகு, வெளிநாட்டுக்கே போகிறது. மல்லிகையும் விற்கிறார்கள். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது என் அம்மா, “இதற்கு ஒரு சான்றிதழ் வேறா?” என்று கேட்டார். தடித்த இதழ், நீண்ட காம்பு, மொட்டாகக் கட்டினால் இரவில் மெல்ல விரியும். மறுநாள் வாடிய பிறகும் தலையணையில் மணக்கும். இங்கே குளிர் ஊர் என்பதால் பூ வாடாமல் நிற்கிறது, ஆனால் வாசம் எழ மாட்டேன் என்கிறது. மல்லிக்கு வெயிலும் வேண்டும் போலிருக்கிறது. மதுரை வெயிலைத் திட்டித் தீர்த்தவர்களில் நானும் ஒருத்தி என்பதால் இதை எழுதி வைக்கிறேன்.

13 அக்டோபர்

ஆயுத பூஜை விடுமுறையில் ஊருக்குப் போய்வந்தோம். கோயிலில் கொலு பார்த்தோம். பிறகு குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய் எங்கள் தையல்காரரைத் தேடினேன்.

இருக்கிறார். தாடி வெளுத்திருக்கிறது. என்னைப் பார்த்ததும், “சிம்மக்கல் டீச்சர் மகதானம்மா நீங்க?” என்றார். அம்மாவின் முழங்கை அளவு இன்னமும் அவருக்கு நினைவிருக்கிறது. வெளிச்சம் நன்றாக இருக்கிறது, மழைக்குப் பயமில்லை, துணியில் புறா எச்சம் விழுவதில்லை என்றார். வியாபாரம் எப்படி என்று கேட்டேன். தேடி வருகிறவர்கள் வருகிறார்கள், வழியில் போகிறவர்கள் வருவதில்லை என்றார். நான் இந்த இழையில் மாதக்கணக்கில் எழுதியதை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார்.

மகளுக்குப் பாவாடைத் துணி கொடுத்தேன். அதே ஒரு மணி நேரம்தான். ஆனால் நின்று காத்திருக்கச் சாய்வதற்குத் தூண் இல்லை. டீக்கடைக்குப் போய்வந்தோம். பாவாடை அருமையாக வந்திருக்கிறது. இடுப்பில் வளர்வதற்கு மடிப்பு விட்டுத் தைத்திருக்கிறார்.

மதுரையில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். புது மண்டபத்தில் துணி கொடுத்துப் பழகியவர்கள் சத்திரத்துக்கும் நடந்து போங்கள். கொஞ்ச தூரம்தான்.

20 அக்டோபர்

புனேவிலிருந்து பதில் வந்திருக்கிறது. முட்டா ஆற்றில் வெள்ளம் வந்தால் அங்கேயும் பாலத்தில் நின்று பார்க்கிறார்களாம். மகிழ்ச்சி! அப்படியானால் நல்ல ஊருக்குத்தான் போயிருக்கிறீர்கள்.

அவர் மனைவி பருத்திப்பால் செய்முறை கேட்டிருக்கிறார். எங்கள் வீட்டு அளவைச் சொல்கிறேன். ஒரு கப் பருத்திக்கொட்டையை நன்றாகக் கழுவி இரவு முழுவதும் ஊறவையுங்கள். காலையில் தண்ணீர் விட்டு அரைத்து, துணியில் வடிகட்டிப் பிழியுங்கள். சக்கையை மறுபடி அரைத்து இரண்டாம் பால், மூன்றாம் பால் எடுக்கலாம். பாலை அடுப்பில் வைத்துக் கைவிடாமல் கிண்டிப் பச்சை வாசம் போகும்வரை கொதிக்க விடுங்கள். இரண்டு கரண்டி அரிசி மாவைத் தண்ணீரில் கரைத்துச் சேருங்கள். கெட்டிப்பட்டதும் கருப்பட்டிப் பாகை வடிகட்டி ஊற்றி, சுக்கும் ஏலக்காயும் தட்டிப்போட்டு, தேங்காய் துருவி இறக்குங்கள். புனேவில் கருப்பட்டி கிடைக்காவிட்டால் வெல்லம் போதும்.

கொட்டை வாங்கும்போது கவனம். விதைப்பதற்கு விற்கும் கொட்டையில் பூச்சிமருந்து பூசியிருப்பார்கள், பெரும்பாலும் சாயம் ஏற்றிய நிறத்தில் இருக்கும். அதைத் தொடவே வேண்டாம். மதுரைக்கு யாராவது போனால் நாட்டு மருந்துக் கடையில் சமையலுக்கு என்று கேட்டு வாங்கிவரச் சொல்லுங்கள். நவம்பரில் நானே போகிறேன். உங்களுக்கும் ஒரு கிலோ வாங்கி அனுப்புகிறேன், விலாசத்தைத் தனிச் செய்தியில் எழுதுங்கள்.